போர்ப் படங்கள் சாதாரண மக்களின் துன்பத்தை உண்மையாகக் காட்டுகின்றனவா?

பெரும்பாலானவை காட்டுவதில்லை. குண்டு விழும், வீடு எரியும், உடனே கதை சிப்பாயின் பின்னால் ஓடிவிடும். தப்பியவர் மறுநாள் எதைச் சாப்பிட்டார், யாருக்குக் கொடுக்காமல் சாப்பிட்டார் என்பதை மிகச் சில படங்களே கேட்கின்றன.

இசாவோ தக்காஹாத்தாவின் 'மின்மினிகளின் கல்லறை' (1988) கேட்கிறது. 1945இல் ஜப்பானின் கோபே நகரில் தீக்குண்டு வீச்சில் தாயைப் பறிகொடுத்த அண்ணனும் தங்கையும் உறவுக்காரப் பெண்ணின் வீட்டில் ஒண்டுகிறார்கள். தாயின் கிமோனோக்களை விற்றுத்தான் அரிசி வருகிறது. ஆனாலும் அந்த அம்மாள் தன் மகளுக்கு அடியிலிருந்து சோற்றை அள்ளிப் போடுகிறாள். இந்தப் பிள்ளைகளுக்கு மேலாக மொண்ட கஞ்சி. துப்பாக்கியே இல்லாத இந்தக் காட்சிதான் நான் பார்த்த போர்க் காட்சிகளிலேயே கொடியது.

காரைக்குடிக்கு அருகே எங்கள் வீட்டில், அப்பத்தாவுக்கு வசனத்தைச் சொல்லிக்கொண்டே இந்தப் படத்தைப் பார்த்தேன். அப்பத்தாவின் தகப்பனார், எங்கள் பாட்டையா, கொண்டுவிக்க, அதாவது தொழிலுக்காகக் கடல்கடந்து போய், பர்மாவின் ரங்கூன் மொகல் தெருவில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக இருந்தவர். முதலாளி அல்லர், சம்பளத்துக்குக் கணக்கெழுதியவர். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன்மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. கப்பலில் இடம் கிடைக்காத லட்சக்கணக்கான இந்தியர்களோடு அவரும் இந்தியாவுக்கு நடந்தார். அரக்கான் மலைவழியில் காலராவும் தாகமும் கூட்டங்கூட்டமாக ஆட்களைக் கொண்டுபோயின.

'பராசக்தி'யில் (1952) பர்மாவிலிருந்து வரும் ஞானசேகரன் ஒரு காலை இழந்திருப்பான். பார்த்தவுடன் தெரிந்துவிடும். பாட்டையாவுக்குக் கைகால் எல்லாம் இருந்தன. ஊர் திரும்பி முப்பது ஆண்டுகள் இருந்தார். வழியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி தண்ணீர் கேட்டதையும், இடுப்புத் துண்டுக்குள் தண்ணீர்ப் புட்டியை மறைத்துக்கொண்டு தான் நடந்ததையும் மகளிடம் ஒரே ஒரு முறை சொன்னாராம். அதில் அரைப் புட்டிக்கு மேல் இருந்தது என்றாராம்.

இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. கஞ்சி ஊற்றிய அந்த அம்மாளை நான் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தேன். அப்பத்தா என் கையைப் பிடித்து, "வையாதே ஆத்தா. பானையில் எவ்வளவு இருந்தது என்று அவளுக்குத்தானே தெரியும்" என்றார். பிறகுதான் அந்தப் புட்டியைப் பற்றிச் சொன்னார்.