ஐந்தடியா, ஏழடியா? முதலில் ஹவர் மீட்டரைப் பாருங்கள்

கேள்வி: உடுமலைப் பக்கம் 6 ஏக்கர் தென்னந்தோப்பு. வாடல் நோய் வந்து 40 மரத்தை எடுத்துவிட்டோம். எடுத்த இடத்தில் வெயில் விழுந்து பார்த்தீனியமும் கோரையும் இடுப்பு உயரத்துக்கு நிற்கின்றன. மூன்று வருடத்துக்கு முன் கடனில் எடுத்த 39 எச்.பி. டிராக்டர் இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை 72,000 தவணை. பின்னால் மாட்டும் ரோட்டரி பிரஷ் கட்டர் வாங்க நினைக்கிறேன். ஐந்தடி 85,000, ஏழடி 1,35,000, மட்டையைத் தூளாக்கும் மல்ச்சர் 2,40,000 என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். மனைவியின் அண்ணன் ஏழடிதான் எடுக்க வேண்டும், வாடகைக்கு ஓட்டினால் ஒரே வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும் என்கிறார். அவருக்கு 12 ஏக்கர் தோப்பு. மனைவியின் 10 பவுன் நகை ரோட்டவேட்டர் வாங்கியபோது அடகு வைத்தது, வருடா வருடம் வட்டி கட்டித் திருப்பி வைக்கிறோம். தங்கம் விலை ஏறிவிட்டதால் அதே நகை மேல் இன்னும் 1.5 லட்சம் தருகிறோம் என்று வங்கியிலிருந்து போன் வந்தது, 9 சதவீத வட்டி. டிராக்டரில் ஹவர் மீட்டர் இதுவரை ஓடியது 2,100 மணி என்று காட்டுகிறது. சொந்த வேலைக்கு வருடம் 200 மணி, காசுக்கு ஓட்டுவது 150 மணி இருக்கும். மச்சான், பெரியப்பா வீடு, பங்காளிகள் கேட்டால் டீசல் மட்டும் ஊற்றி எடுத்துப் போவார்கள். எந்த மெஷின் வாங்குவது? மச்சான் மனம் கோணாமல் சொல்லுங்கள்.

பதில்: மெஷின் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அது சின்ன விஷயம்.

உங்கள் டிராக்டர் 39 எச்.பி. என்றால் கருவியைச் சுழற்றும் பின்பக்க ஷாஃப்டில் (பி.டி.ஓ.) 32, 33 கிடைக்கும். ஸ்லாஷருக்கு, அதாவது நீங்கள் சொல்லும் ரோட்டரி பிரஷ் கட்டருக்கு, அகலத்தில் அடிக்கு 5 எச்.பி. என்று தோராயமாகக் கணக்கு வைப்பார்கள். ஐந்தடிக்கு 25 போதும், ஆறடிக்கு 30. ஏழடிக்கு 35 வேண்டும், உங்களிடம் இல்லை. காய்ந்த புல்லில் ஓடிவிடும். மழை முடிந்து கோரை பச்சையாக நிற்கும்போது இன்ஜின் முக்கும், கியரைக் குறைத்து மெதுவாகத்தான் போக முடியும். அகலத்தில் மிச்சம் பிடித்ததை வேகத்தில் விட்டுவிடுவீர்கள்.

உங்கள் மச்சான் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 25 அடி இடைவெளியில் இரண்டு பக்கமும் ஆறடி வட்டப்பாத்தி போக நடுவில் 13 அடிதான் மிஞ்சும். ஏழடி என்றால் போய் வந்தால் முடிந்தது. ஐந்தடிக்கு மூன்று நடை. அவர் கணக்குத் தெரியாதவர் அல்ல. 50 எச்.பி. டிராக்டர் வைத்திருப்பவருக்கு அதே யோசனையை நானே சொல்வேன்.

மல்ச்சரைப் பற்றி வீடியோ பார்த்திருப்பீர்கள். மட்டை உள்ளே போகிறது, தூளாக வருகிறது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. 2,40,000 ரூபாய்க்கு 9 சதவீத வட்டி வருடத்துக்கு 21,600. தோப்பு முழுவதையும் வருடம் மூன்று முறை ஆள் வைத்து வாடகைக்கு வெட்டும் செலவு கிட்டத்தட்ட அவ்வளவுதான். மட்டையைப் பாத்தியில் பரப்பிவிடுங்கள், அது தானாக மக்கும். ஸ்லாஷரே மட்டையையும் பார்த்துக்கொள்ளும் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். ஓலையை வெட்டும், மட்டையின் அடிப்பகுதியைத் தட்டி ஓரமாக எறியும், அவ்வளவுதான்.

இனி உங்கள் கேள்வியில் இல்லாத விஷயம். மீட்டர் 2,100 மணி என்று எழுதியிருக்கிறீர்கள். சொந்த வேலை 200, காசு ஓட்டம் 150, ஆக வருடம் 350. மூன்று வருடத்துக்கு 1,050. மீதி 1,050 மணி எங்கே போனது? டிராக்டரில் சரிபாதி உறவுக்காரர்கள் வேலைக்கு ஓடியிருக்கிறது. தவணை முழுசும் உங்களுடையது. ஆறு தவணை, 4,32,000 ரூபாய்.

டீசல் அவர்கள்தானே ஊற்றுகிறார்கள் என்பீர்கள். டீசல் டிராக்டரின் சாப்பாடு மட்டும்தான். ஏழு லட்சம் கொடுத்து வாங்கிய வண்டி 7,000 மணி ஓடி, கடைசியில் இரண்டு லட்சத்துக்குப் போகும் என்று வையுங்கள். மணிக்கு 70 ரூபாய் அங்கேயே தேய்கிறது. பின் டயர் ஜோடி, 250 மணிக்கு ஒருமுறை ஆயில் சர்வீஸ், கிளட்ச், பேட்டரி, அவ்வப்போது ஒரு ஹைட்ராலிக் ஹோஸ் எல்லாம் சேர்ந்து இன்னொரு 80. ஆக மணிக்கு 150. 1,050 மணிக்கு 1,57,500 ரூபாய்.

உங்கள் மச்சான் சொல்லும் ஏழடி மெஷின் 1,35,000. அதை நீங்கள் மூன்று வருடத்தில் ஏற்கெனவே வாங்கி உறவுக்காரர்களுக்குக் கொடுத்தாகிவிட்டது. மெஷின் மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த மணிகளை வெளியில் ஓட்டியிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்ற கணக்கை நான் போடப் போவதில்லை. அவ்வளவு ஓட்டம் கிடைத்திருக்காது, அந்தக் கணக்கு வயிற்றெரிச்சலுக்குத்தான் உதவும். கையை விட்டுப் போன தேய்மானத்தை மட்டும் பார்த்தால் போதும்.

ஸ்லாஷர் வந்தால் இது இன்னும் மோசமாகும். கலப்பையைக் கேட்பதற்குக்கூட ஆள் கொஞ்சம் தயங்குவார், ஏனென்றால் உழவுக்கு ஒரு பருவம் உண்டு. களை எல்லார் தோப்பிலும் ஒரே சமயத்தில் வளரும். மழை விட்ட அந்த இரண்டு வாரத்தில் நாலு வீட்டிலிருந்து போன் வரும், உங்கள் தோப்பு கடைசியில் நிற்கும்.

மெஷினை இரவல் கொடுத்து நான் பார்த்த ஒரு கதை. ஸ்லாஷரின் ஷாஃப்டில் ஷியர் போல்ட் என்று ஒன்று இருக்கும். பிளேடு கல்லிலோ கட்டையிலோ முட்டினால் கியர் பாக்ஸைக் காப்பாற்ற முதலில் உடையட்டும் என்று வேண்டுமென்றே மிருதுவான இரும்பில் செய்தது, விலை டீக்காசுதான். எனக்குத் தெரிந்தவர் ஒருவரின் தம்பி முறை ஆகிற பையன், அடிக்கடி உடைகிறதே என்று அதை எடுத்துவிட்டு நல்ல கெட்டியான போல்டாகப் போட்டு முறுக்கிவிட்டான். நல்ல எண்ணத்தில்தான் செய்தான். மறுநாள் ஒரு தென்னைத் தூரில் முட்டியது, போல்ட் தாங்கிக்கொண்டது, கியர் பாக்ஸ் உள்ளே பல் பல்லாகக் கொட்டியது. மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கு செலவு. அவனிடம் காசு கேட்க முடியுமா? கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்காருகிற பையன். இவரே கட்டினார். உங்கள் தோப்பிலும் 40 தூர் இருக்கிறதே, தோண்டி எடுத்தீர்களா, வெட்டிவிட்டு அப்படியே விட்டீர்களா?

அப்புறம், ஸ்லாஷர் கல்லை அடித்தால் அது துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும். ஓட்டுவது லைசென்ஸ் இல்லாத பையனாக இருந்து யாருக்காவது அடிபட்டால், ஆர்.சி. புத்தகத்தில் பெயர் இருப்பவரைத்தான் தேடி வருவார்கள்.

ஒரே வருடத்தில் பணம் திரும்பும் என்றாரே, அதையும் போட்டுப் பார்ப்போம். உங்கள் பக்கம் ஸ்லாஷர் ஓட்டம் மணிக்கு 1,200 என்று வைக்கிறேன். நாலு லிட்டர் டீசல், லிட்டர் 92 என்றால் 370. டிரைவர் 200. டிராக்டர் தேய்மானம் 150. பிளேடு, கியர் ஆயில், ஷாஃப்ட் ஜாயிண்ட் 80. கையில் நிற்பது 400. 1,35,000 ரூபாய் எடுக்க 340 மணி ஓட வேண்டும். களை வெட்டுகிற நாள் வருடத்தில் 60, 70 என்று வைத்தாலும் தினமும் ஐந்து மணி நேரம், ஒரு நாள் விடாமல், எல்லாம் காசு கொடுக்கிற ஓட்டமாக இருக்க வேண்டும். இப்போது காசு ஓட்டம் உங்களுக்கு வருடம் முழுக்கவே 150 மணிதான்.

சரி, உங்கள் ஆறு ஏக்கருக்கு மட்டும் என்ன செலவு? ஐந்தடி மெஷின் மணிக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கர் வெட்டும். வருடம் மூன்று முறை, திருப்புவது நிறுத்துவது சேர்த்து 20 மணி. வெளி ஆளை வைத்தால் 24,000. சொந்தமாக 85,000 போட்டு வாங்கினால் வட்டி 7,650, ஆறு வருடம் ஓட்டி விற்றால் கிடைப்பது போகத் தேய்மானம் ஆண்டுக்கு 10,000, பராமரிப்பு 4,000, டீசல் 7,400, டிராக்டர் தேய்மானம் 3,000. கூட்டினால் 32,000. சொந்த மெஷின் வருடத்துக்கு 8,000 கூடுதல். வேண்டியபோது வெட்டிக்கொள்ளலாம் என்ற வசதிக்கு 8,000 கொடுக்கலாம் என்றால் அது உங்கள் விருப்பம், தவறில்லை. ஏழடிக்கு இதே கணக்கு 43,000 தாண்டும். அந்தக் கூடுதல் 11,000 உங்கள் தோப்புக்கு அல்ல, மச்சானின் 12 ஏக்கருக்கு.

அதனால் நான் சொல்வது: ஸ்லாஷரை மச்சான் வாங்கட்டும். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. அவர் தோப்பு உங்கள் தோப்பைப் போல் இரண்டு மடங்கு, அவருக்குத்தான் வேலை அதிகம். ஆறடியாக எடுத்தால் உங்கள் டிராக்டர் இழுக்கும். டிராக்டர் உங்களுடையது, ஸ்லாஷர் அவருடையது. அவர் தோப்பில் ஓடினால் டீசல் போக மணிக்கு 250 உங்களுக்கு, உங்கள் தோப்பில் ஓடினால் மணிக்கு 150 அவருக்கு. வருடக் கடைசியில் நேர் செய்துகொள்ளலாம். அவரிடம் போய், "மச்சான், டிராக்டர் கடன் என் தலையில் ஓடுது, ஸ்லாஷர் நீங்க எடுங்க, ரெண்டு பேரும் ஓட்டிக்கலாம்" என்று கேளுங்கள். ஒரே வருடத்தில் பணம் திரும்பும் என்று அவருக்கு உண்மையிலேயே நம்பிக்கை இருந்தால் சந்தோஷமாகச் சம்மதிப்பார்.

மற்ற உறவுக்காரர்களுக்கு டிராக்டரை நிறுத்தச் சொல்லவில்லை, அது நடக்காது. ஒரு நாற்பது பக்க நோட்டை டூல் பாக்ஸில் போட்டு வையுங்கள். வண்டி வெளியே போகும்போது மீட்டர் எண், திரும்பும்போது மீட்டர் எண், எடுத்தவர் பெயர். முதல் மூன்று மாதம் யாரிடமும் காசு கேட்க வேண்டாம், எழுதினால் போதும். பாதிப் பேர் எழுதச் சொன்னவுடன் கேட்பதையே குறைத்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் டீசல் போக மணிக்கு 200 என்று எல்லாருக்கும் ஒரே விலை வையுங்கள், பெரியப்பா வீட்டுக்கும் சேர்த்து. ஒருவருக்கு விட்டால் மற்றவருக்குத்தான் மனம் கோணும்.

இந்தப் பருவத்துக்கு வேளாண் பொறியியல் துறையில் டிராக்டரும் கருவியும் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று உழவன் செயலியில் பாருங்கள், தனியாரைவிட வாடகை குறைவு. பிறகு நீங்களே ஐந்தடி வாங்குவதென்று முடிவானால், வாங்குவதற்கு முன்னாலேயே மானியத்துக்கு விண்ணப்பியுங்கள். வாங்கிவிட்டு பில்லோடு போனால் கிடைக்காது. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம். மனைவி பெயரில் பட்டா இருந்தால் அவர் பெயரில் போடுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் உச்சவரம்பு இருப்பதால் விலையில் சரிபாதி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் டிராக்டர் ஒற்றைக் கிளட்ச் (சக்கரத்துக்கும் ஷாஃப்டுக்கும் சேர்த்து ஒரே கிளட்ச்) என்றால், பிளேடின் சுழற்சி திரும்ப வண்டிக்கு வராமல் தடுக்கும் ஓவர்ரன்னிங் கிளட்சை ஷாஃப்டில் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால், கிளட்சை மிதித்த பிறகும் சுற்றுகிற பிளேடின் கனம் வண்டியை முன்னால் தள்ளும், மரத்துக்கு மரம் திருப்புகிற தோப்பில் அது வம்பு. நீங்கள் அனுப்பிய கொட்டேஷனில் ஜி.எஸ்.டி. 12 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து அது 5 சதவீதம். பழைய தாளை எடுத்து நீட்டியிருக்கிறார்கள், திருப்பிக் கொடுத்துப் புதிதாகக் கேளுங்கள்.

கடைசியாக அந்த வங்கி போன். நகை விலை ஏறியதற்கு உங்களுக்கு ஒரு லாபமும் இதுவரை வரவில்லை, கடன் வாங்கும் தகுதிதான் ஏறியிருக்கிறது. ரோட்டவேட்டருக்கு வைத்த நகை இன்னும் வீட்டுக்கு வரவில்லை. அதன் மேல் இன்னொரு 1.5 லட்சம் ஏறினால் வருடத்துக்கு 13,500 கூடுதல் வட்டி, அசல் அப்படியே நிற்கும். போன் செய்தவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உறவுக்காரர்களிடமிருந்து வரும் மணிக்கு 200-ஐத் தனியாக ஒரு கணக்கில் போட்டு அந்த நகை அசலில் கட்டுங்கள். வருடம் 350 மணி இப்போது இலவசமாக ஓடுகிறது, அது 200 மணியாகக் குறைந்தாலும் 40,000 வரும்.

மச்சான் மனம் கோணக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். அடகில் இருப்பது உங்கள் மனைவியின் நகை, கேட்பது அவருடைய அண்ணன். 1,050 மணிக் கணக்கை நீங்கள் மச்சானிடம் கொண்டுபோவதற்கு முன்னால் உங்கள் மனைவியிடம் காட்டுங்கள். அண்ணனிடம் யார் பேசுவது, எப்படிப் பேசுவது என்பதை அவரே சொல்வார்.