வண்டெல்லாம் எங்க போச்சு?

கேள்வி: சார், எங்களுக்கு ஒடுகத்தூர் பக்கம். போன வருஷம் கோடை மழை பேஞ்ச அன்னிக்கு வாசல் ட்யூப்லைட்ட சுத்தி வண்டு மொய்ச்சிக்கிட்டு சோத்துலல்லாம் விழுந்துச்சு. இந்த வருஷம் எல்ஈடி பல்பு போட்டுட்டு ரெண்டு ராத்திரி பாத்தோம், ஒண்ணுகூட காணோம். பொன்வண்டும் வரல. இனமே அழிஞ்சிடுச்சா?

பதில்: பாதி பதில நீங்களே எழுதிட்டீங்க! ட்யூப்லைட்ல கொஞ்சம் புற ஊதா வெளிச்சமும் வரும், பூச்சிங்களுக்கு அதுமேலதான் மோகம், எல்ஈடில அது அனேகமா கெடையாது. லைட்டயே மாத்திட்டு எண்ணிக்கை கொறஞ்சிடுச்சுன்னா எப்படி? நிலாவையும் பாக்கணும், பௌர்ணமி கிட்டன்னா லைட்டுக்கு வர்ற கூட்டம் கொறையும்.

போன வருஷம் வந்தது அனேகமா வேர்ப்புழுவோட வண்டு. மல்லாட்டை கொல்லைல வேர தின்னு வளந்து, மண்ணுக்குள்ளயே கெடந்து, கோடையில நல்ல மழை நனைச்சதும் பொழுது சாஞ்சி கூட்டமா கெளம்பி வேப்பெலைய மேயப் போவும், அதனால மழை பத்து நாள் தள்ளிப்போனா அதுவும் தள்ளிப்போவும், உங்க ரெண்டு ராத்திரில அது சிக்கலன்னா அது தப்பு இல்ல. பொன்வண்டு வேற கேஸ், அது பகல்ல கருவேல மரத்துல திரியறது (தீப்பெட்டில போட்டு வளத்தவங்கதானே நாம), லைட்டுக்கு எதுக்கு வருது? சாணி வண்டு வேணும்னா குழி தோண்டி சாணி வெக்கணும். ஒவ்வொரு பொறிக்கும் ஒவ்வொரு கூட்டம்தான் மாட்டும்.

மர உச்சில இருக்கறது இன்னும் கஷ்டம். பனாமா காட்டுல டெர்ரி எர்வின்னு ஒருத்தர் ஒரே வகை மரத்துல 19 மரத்துக்கு மருந்துப் புகை அடிச்சி கீழ விழுந்தத எண்ணினா, கிட்டத்தட்ட 1,200 வகை வண்டு! அத வெச்சி பூச்சி, சிலந்தி எல்லாம் சேத்து உலகத்துல 3 கோடி வகை இருக்கலாம்னு 1982ல கணக்கு போட்டாரு. அது ரொம்ப ஓவர்னு பின்னாடி கொறைச்சிட்டாங்க, இப்ப வண்டு மட்டும் சுமார் 15 லட்சம் வகைங்கறாங்க, பேரு வெச்சதே 4 லட்சம் கிட்டதான். பெரிய தலைவலி என்னன்னா வெப்பக்காட்டுல பல வகை ஒரே ஒரு வண்டுதான் கெடைக்கும், அடுத்த வருஷம் அது வரலன்னா செத்துச்சா ஒளிஞ்சிருக்கான்னு எப்படி சொல்றது?

அழியவே இல்லன்னு நான் அடிச்சி சொல்லல, கருவேலத்த வெட்டின எடத்துல பொன்வண்டு கொறையத்தான் செய்யும். பழைய ட்யூப்லைட்டயே அதே எடத்துல மாட்டி, ஏழுல இருந்து ஒம்போது மணி வரைக்கும், கோடை மாசம் பூரா, மழையையும் நிலாவையும் சேத்து நோட்ல எழுதுங்க. அஞ்சாறு வருஷமாவது எழுதணும். சோத்துத் தட்ட மட்டும் உள்ள எடுத்துட்டு போயிடுங்க.