வைட்டமின் மாத்திரையால் முகம் எரியுமா?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். வயது 54. பாலக்கோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். கெட்ட கொழுப்பு 168 என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்டார்வாஸ்டாட்டின் கொடுத்தார்கள். அது கல்லீரலைக் கெடுக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் நிறுத்திவிட்டேன். அமெரிக்காவிலிருந்து வந்த அண்ணன் மகன், "இது வெறும் வைட்டமின், அத்தை" என்று நியாசின் 500 மில்லிகிராம் மாத்திரை தந்தான். போட்ட அரை மணி நேரத்தில் முகம், கழுத்தெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்து, சிவந்து, அரிக்கிறது. ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது. நான்கு நாளாக இப்படித்தான். இது ஒவ்வாமையா? தொடரலாமா? சர்க்கரை எல்லையில் இருக்கிறது என்கிறார்கள். கடையில் வேர்க்கடலை கொறிக்கும் பழக்கம் உண்டு. அதையும் விட வேண்டுமா?

பதில்: அம்மா, இது ஒவ்வாமை அல்ல. நியாசின், தோலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்க வைக்கிறது. அதனால் நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து எரிகிறது. வெறும் வயிற்றில் போட்டாலும், கூடவே சூடாகக் காபி குடித்தாலும் அதிகமாகும். சில வாரங்களில் உடல் பழகி, எரிச்சல் குறைந்துவிடும். அப்படிப் பழகிய பிறகு உள்ளே நடப்பதை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

உடலுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய நியாசின் 14 மில்லிகிராம் அளவுதான். கொழுப்பைக் குறைக்கக் கொடுப்பது 1000 முதல் 2000 மில்லிகிராம். அந்த அளவில் அது முழு மருந்து. சர்க்கரையை ஏற்றும், யூரிக் அமிலத்தை ஏற்றும், வயிற்றுப் புண்ணைக் கிளறும், கல்லீரலைத் தாக்கும்.

1990களில் கிருஷ்ணகிரியில் நானே இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். காவேரிப்பட்டணத்து மாம்பழ வியாபாரி ஒருவர், மண்டி சுறுசுறுப்பாக இருந்த வைகாசியில், கால் கட்டைவிரல் வீங்கிச் செருப்பு மாட்ட முடியாமல் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். யூரிக் அமிலம் ஏறியிருந்தது. இன்னொருவர் எரிச்சல் தாங்காமல், என்னைக் கேட்காமலே மெதுவாகக் கரையும் வகைக்கு மாறி, மஞ்சள் காமாலையோடு வந்தார். அந்த வகை கல்லீரலுக்கு இன்னும் கொடியது. இருவரும் தேறிவிட்டார்கள். ஆனாலும் அந்த மருந்துச் சீட்டுகளில் இருந்தது என் கையெழுத்து என்பதை நான் மறக்கவில்லை.

பிறகு, 2014இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஸ்டாட்டின் (உங்களுக்கு முதலில் கொடுத்த அட்டார்வாஸ்டாட்டின் இந்த வகைதான்) எடுத்துக்கொண்டிருந்த 25,000க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பாதிப் பேருக்கு, எரிச்சலைத் தணிக்கும் மருந்தோடு நியாசினைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தப் பரிசோதனை எண்கள் அழகாக மாறின. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்களும், ரத்தக்கசிவு ஏற்பட்டவர்களும் கூடினார்கள். நியாசினையும் ஸ்டாட்டினையும் சேர்த்த மாத்திரைகளுக்கான அனுமதியை அமெரிக்க அரசே 2016இல் விலக்கிக்கொண்டது. இதை உங்கள் அண்ணன் மகனிடம் சொல்லுங்கள். பாசத்தோடு வாங்கி வந்த பிள்ளை, கோபிக்க வேண்டாம்.

சர்க்கரை எல்லையில் இருக்கும் உங்களுக்கு இது வேண்டவே வேண்டாம். இன்றே நிறுத்துங்கள். நான்கு நாளில் பெரிய கேடு நேர்ந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, ஓயாமல் குமட்டினாலோ மட்டும் உடனே மருத்துவரிடம் போங்கள். கல்லீரலுக்குப் பயந்து ஸ்டாட்டினை விட்டீர்கள். உண்மையில் அது கல்லீரலைக் கடுமையாகப் பாதிப்பது மிக அரிது. அந்த நியாசின் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு அதே சுகாதார நிலையத்துக்குப் போய், நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். கல்லீரல், மூன்று மாதச் சர்க்கரை, யூரிக் அமிலம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு ஸ்டாட்டினை மறுபடி தொடங்குவது பற்றி அவர்கள் சொல்வார்கள். தசைவலி வந்தால் அவர்களிடமே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வேர்க்கடலையிலும் நியாசின் உண்டு, 100 கிராமில் 12 மில்லிகிராம் அளவுக்கு. அதனால் முகம் எரியாது. உப்பில்லாமல் வறுத்தோ அவித்தோ ஒரு பிடி சாப்பிடுங்கள். கல்லாவில் உட்கார்ந்து நாளெல்லாம் கொறிப்பதை மட்டும் விடுங்கள், எடை ஏறிவிடும்.