அவசரப் பெட்டி டார்ச்சில் வெள்ளைப் படிவு: தூக்கிப் போட வேண்டாம்

வணக்கம். ஒரு வருடம் கழித்து அவசரப் பெட்டியைத் திறந்தால் டார்ச் எரியவில்லை, பேட்டரியில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது அல்கலைன் பேட்டரியின் கசிவு. உள்ளிருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளியேறி, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து உப்பாகப் படிந்திருக்கும். வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை போட்டு பேட்டரிகளை எடுத்துவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியை வினிகரில் நனைத்து ஸ்பிரிங்கையும் தகட்டையும் துடையுங்கள். லேசாக நுரைக்கும், பயப்பட வேண்டாம். அப்புறம் ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். தகடே அரித்துப் போயிருந்தால்தான் புது டார்ச் தேவை.

இனி பேட்டரியை டார்ச்சுக்குள் போட்டு வைக்காதீர்கள். உறையோடு பக்கத்திலேயே வையுங்கள். முடிந்தால் லித்தியம் பேட்டரி வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் கசிவது அபூர்வம்.

நான்கு பேருக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்டிருந்தீர்கள். குடிக்க, சமைக்க, கைகழுவ எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்றால், 3 நாளைக்கு 48 லிட்டர். எந்தப் பெட்டியிலும் அடங்காது, கட்டிலுக்கு அடியில் தனியாக வையுங்கள். வீட்டில் பிடித்த தண்ணீர் என்றால் 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பவர் பேங்கையும் 3 மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட வேண்டும்.

அம்மாவின் பிரஷர் மாத்திரையை மட்டும் பெட்டியில் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். புது அட்டை வாங்கும்போது அதைப் பெட்டியில் வைத்து, பழையதை எடுத்துச் சாப்பிடச் சொல்லுங்கள்.