ஓகே: வான் பியூரன் பட்டப்பெயரின் சுருக்கமா?

அமெரிக்க அதிபராக இருந்த மார்ட்டின் வான் பியூரனின் 'ஓல்ட் கிண்டர்ஹுக்' (Old Kinderhook) என்ற பட்டப்பெயரைச் சுருக்கியதுதான் ஓகே (O.K.) என்று சொல்வார்கள். இல்லை. அந்தப் பட்டப்பெயர் ஓகேயைப் பரப்பியது, பெற்றெடுக்கவில்லை. 'ஓல்ட் கிண்டர்ஹுக்' 1840 அதிபர் தேர்தலில் புழங்கியது. ஓ.கே. என்ற எழுத்துகளோ 1839 மார்ச் 23 அன்றே பாஸ்டன் மார்னிங் போஸ்ட் நாளிதழில் அச்சாகிவிட்டன. 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே 'ஓல் கொரெக்ட்' (oll korrect) எனப் பிழையாக்கிச் சுருக்குவது அன்றைய பத்திரிகைக் குறும்பு. நம் குறுஞ்செய்தித் தமிழுக்கு அண்ணன் முறை!

குழப்பத்துக்குக் காரணம்: வான் பியூரன் நியூயார்க் மாநிலத்துக் கிண்டர்ஹுக் ஊர்க்காரர். ஆதரவாளர்கள் ஓ.கே. கிளப்புகள் தொடங்கினார்கள், 'எல்லாம் சரி', 'எங்கள் ஊர்க்காரர்' என இரண்டு பொருளும் ஒட்டிக்கொண்டன. (தேர்தலில் எதிர்த்து நின்ற ஹாரிசனிடம் வான் பியூரன் தோற்றார், சொல் பிழைத்தது.)

நீங்களே சரிபார்க்க:
1. பழைய நாளிதழ்த் தொகுப்பில் 1838 முதல் 1841 வரை மட்டும் தேடுங்கள்.
2. புள்ளியோடும் (O.K.) புள்ளியில்லாமலும் (OK) தேடுங்கள். ஓ எழுத்தைக் கணினி சுழியமாகப் படித்துவிடும். பக்கப் படத்தைத் திறந்து பாருங்கள்.

1839க்கு முந்தைய கையெழுத்துச் சான்று காட்டினால் உடனே நம்பாதீர்கள். வான் பியூரனுக்கு முந்தைய அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் சம்பந்தப்பட்ட 1790 டென்னசி நீதிமன்றப் பதிவில் ஓ.கே. எனப் படித்தது, உண்மையில் 'பதிவு செய்ய உத்தரவு' (Ordered Recorded) என்பதன் சுருக்கமான ஓ.ஆர்.