பைக்கில் கூடுதலாக மாட்டிய எல்இடி விளக்கு கண்ணைக் கூசுகிறது. வெளிச்சத்தைக் குறைக்க வழி உண்டா?

உண்டு. ஆனால் ரெசிஸ்டர் (கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் சின்ன உதிரி) வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன் உங்கள் விளக்கு எந்த வகை என்று பாருங்கள். நான் பார்க்காமல் கிளம்பியவன்.

முதலில் என் பழைய மாருதி ஆம்னி வேனில் மீட்டர் பல்புகளைக் கழற்றிவிட்டு வெள்ளை எல்இடி போட்டேன். பகலில் அமர்க்களமாக இருந்தது. ராத்திரி திண்டிவனம் தாண்டி இருட்டில் போகும்போது, முன் கண்ணாடியில் ரோட்டைவிட ஸ்பீடாமீட்டர்தான் நன்றாகத் தெரிந்தது! அதற்கு வைத்தியம் சுலபம். மீட்டர் பல்பு, எல்இடி ஸ்டிரிப் (ஒட்டும் பட்டை விளக்கு) போன்ற சின்ன விளக்குகளில் பெரும்பாலும் மூன்று எல்இடியும் ஒரு சின்ன ரெசிஸ்டரும் வரிசையாக இருக்கும், அவ்வளவுதான். வெள்ளை எல்இடி ஒன்றுக்குச் சுமார் 3 வோல்ட், ஆக மூன்றுக்கு 9. இன்ஜின் ஓடும்போது 12 வோல்ட் பேட்டரி லைனில் 14 வரை வரும். மீதி 5 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்குகிறது. நான் பாசிட்டிவ் ஒயரில் 1என்4007 என்ற வகை டயோடு (கரன்ட்டை ஒரே திசையில் விடும் உதிரி) மூன்றைத் தொடராகச் சேர்த்தேன், வெள்ளைக் கோடு விளக்குப் பக்கம் பார்க்க. ஒன்றுக்கு 0.7 வீதம் 2 வோல்ட் குறைந்தது. 5 இருந்த இடத்தில் 3 ஆனதால் கரன்ட் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது, வெளிச்சமும் குறைந்தது. டயோடு ஒன்று ஓரிரு ரூபாய்தான். ஒரு ஆம்பியர் வரை தாங்கும்.

அந்தத் தைரியத்தில் பைக்கின் 20 வாட் விளக்கில் 2 ஓம் ரெசிஸ்டர் போட்டேன். வெளிச்சம் கொஞ்சமும் குறையவில்லை, ரெசிஸ்டர்மேல் இருந்த ஸ்லீவ் உருகியதுதான் மிச்சம். இப்படிப்பட்ட பவர் விளக்குகளுக்குள் டிரைவர் சர்க்யூட் இருக்கும், எல்இடிக்குப் போகும் கரன்ட்டை மாறாமல் வைப்பது அதன் வேலை. வோல்ட்டேஜைக் குறைத்தால் அது கூடுதல் கரன்ட் இழுத்து அதே வெளிச்சத்தைக் கொடுக்கும். இன்னும் குறைத்தால் மினுக்கும், பிறகு அணைந்தே போகும். உங்களுடையதும் இந்த வகையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் குமிழ் வைத்த பிடபிள்யூஎம் டிம்மர், அதாவது கரன்ட்டை வேகமாக விட்டு விட்டுக் கொடுத்து வெளிச்சத்தைக் குறைப்பது. ஸ்டிரிப்புக்கு அருமை. டிரைவர் உள்ள விளக்கில் மினுக்கல் வரலாம். இன்னொரு சிக்கலையும் யாரும் சொல்வதில்லை: மலிவான டிம்மர்கள் பெரும்பாலும் நெகட்டிவ் பக்கத்தைத்தான் வெட்டி வெட்டி விடும். விளக்கின் பாடியே வண்டியில் எர்த் ஆகியிருந்தால், குமிழை எவ்வளவு திருகினாலும் வெளிச்சம் மாறாது.

கடைசியில் நான் செய்தது, பைக் விளக்கின் கண்ணாடிமேல் மஞ்சள் ஃபிலிம் ஒட்டி அதைக் கீழே சாய்த்ததுதான். முன்பெல்லாம் ஹெட்லைட்டின் மேல் பாதியில் போலீஸார் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்களே, அதே தத்துவம்.

ஒருவேளை நீங்கள் மாட்டியது தனி விளக்கல்ல, ஹெட்லைட்டில் ஹாலஜனைக் கழற்றிப் போட்ட எல்இடி என்றால், குறைக்கவே முயலாதீர்கள். ஹாலஜன் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு வளைத்த ரிஃப்ளெக்டர் அது. எல்இடி சில்லு அந்த இடத்தில் சரியாக உட்காராவிட்டால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணில்தான் போய் விழும். மங்கலாக்கினால் சிதறலும் இருக்கும், உங்களுக்கும் ரோடு தெரியாது. பழைய ஹாலஜன் பல்பையே திரும்பப் போடுங்கள்.

எதைச் செய்தாலும் சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, பின்னால் ஒரு ஆளை உட்காரவைத்துப் பாருங்கள். பின்பக்கம் அமுங்கினால் வெளிச்சம் மேலே ஏறும். வெளிச்சத்தின் மேல் விளிம்பு விளக்கின் உயரத்துக்குக் கீழேயே நிற்க வேண்டும்.