டெக்சாஸ் பார்களும் கைத்துப்பாக்கியும்: கேள்வி பதில்

கேள்வி: டெக்சாஸில் இப்போது லைசென்ஸே இல்லாமல் துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொள்ளலாமாமே. பாருக்குள்ளும் கொண்டுபோகலாமா?

பதில்: கூடாது. 2021 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம், 21 வயது நிரம்பி வேறு தடை எதுவும் இல்லாதவர்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றது. துப்பாக்கியோடு நுழையக் கூடாத இடங்கள் அதன் பிறகும் உண்டு. ஒரு கடையின் வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ, அங்கேயே உட்கார்ந்து குடிக்கும் மதுவிலிருந்து வந்தால் அது தடை இடம். லைசென்ஸ் வைத்திருப்பவருக்கும் இதேதான். மாட்டினால் 2 முதல் 10 ஆண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம்.

கேள்வி: கடையின் கணக்கு வழக்கு எனக்கு எப்படித் தெரியும்?

பதில்: வாசலைப் பாருங்கள். சிவப்பில், 5 அங்குல உயரத்தில் ‘51’ என்று போர்டு இருக்கும். எந்தக் கடை அந்தக் கணக்கில் வரும் என்பதை முடிவு செய்வது மாநில மதுபான ஆணையம்.

கேள்வி: துப்பாக்கியை காரிலேயே விட்டுவிட்டு பாருக்குள் போனால்?

பதில்: போகலாம். தடை கட்டடத்துக்குத்தான், பார்க்கிங்குக்கு இல்லை. வெளியே தெரியாமல் வைத்துப் பூட்டுங்கள்.

கேள்வி: பிரியாணிக் கடையில் பீரும் கிடைக்கிறது. லைசென்ஸ் இருக்கிறது, இடுப்பில் துப்பாக்கி. ஒரு பீர் குடிக்கலாமா?

பதில்: 51 கணக்கில் வராத கடை, உரிமையாளரும் தடை போர்டு வைக்கவில்லை என்றால், டெக்சாஸ் சட்டம் அந்த ஒரு பீரைத் தடுக்கவில்லை. ஆனால் போதையில் பொது இடத்தில் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் ஆல்கஹாலுக்கான 0.08 சதவீத வரம்பை நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். என்னைக் கேட்டால் இரண்டில் ஒன்றை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: அண்ணா, நான் எச்-1பி விசாவில் டாலஸில் இருக்கிறேன். நண்பனின் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: தம்பி, பார் பற்றிய கேள்வியே உங்களுக்கு அப்புறம்தான். எச்-1பி போன்ற தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே மத்தியச் சட்டம் தடை போடுகிறது. சில விலக்குகள் உண்டு; நம் ஆட்கள் அதிகம் பேசுவது செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். அப்படி எந்த விலக்கும் இல்லாதவர் நண்பனின் துப்பாக்கியைக் கையில் வாங்கினாலே 15 ஆண்டு வரை சிறை போகும் அளவுக்குக் குற்றம், நாடு கடத்தவும் அது காரணமாகலாம். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. விசாக்காரர்கள் வக்கீலைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள்.

கேள்வி: நான் ஹூஸ்டனில் உணவகம் நடத்துகிறேன். பீர், ஒயின் உண்டு, ஆனால் 51-இல் வராது. என் கடையில் துப்பாக்கி வேண்டாம்.

பதில்: உங்கள் இடம், உங்கள் உரிமை. ஆனால் துப்பாக்கிப் படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்ட ஸ்டிக்கரை மட்டும் ஒட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. லைசென்ஸ் உள்ளவர்களைத் தடுக்க, டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 30.06 (மறைத்து வருபவர்களுக்கு), 30.07 (வெளியே தெரியும்படி வருபவர்களுக்கு) பிரிவுகளின்படி இரண்டு போர்டு வேண்டும். சட்டத்தில் உள்ள வாசகம் அப்படியே, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், குறைந்தது ஓர் அங்குல எழுத்தில் இருக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாதவர்களுக்கு 30.05 பிரிவின் போர்டு தனி. நேரில் வாயால் சொன்னாலும் செல்லும். சொன்ன பிறகும் போகாமல் நின்றால் தண்டனை கூடும்.

கேள்வி: வேறு மாநிலங்களுக்குப் போனால்?

பதில்: அங்கே கணக்கே வேறு. வர்ஜீனியாவில் மது விற்கும் உணவகத்துக்குள் லைசென்ஸோடு மறைத்து எடுத்துப் போகலாம், ஆனால் அங்கே ஒரு சொட்டும் குடிக்கக் கூடாது. புளோரிடாவில் சாப்பாட்டு மேசை சரி, பார் பகுதி கூடாது. நியூயார்க்கில் உள்ளேயே குடிக்க மது விற்கும் இடம் என்றால் 2022 முதல் முழுத் தடை.